புதுப்பித்த நிலையில் உள்ளதா உங்கள் கைப்பேசி?

கும்பகோணத்தில் வசிக்கும் என் அக்காவுக்கு வயது 72. அரசுப் பள்ளியில் 34 ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். சில மாதங்களுக்கு முன் ஒரு பிற்பகலில் என்னை அழைத்தார். "தம்பி, போனை அப்டேட் பண்ணலேன்னா நாளைக்கு பேங்க் கணக்கை முடக்கிடுவாங்களாம். வாட்ஸ்அப்புல ஒரு ஃபைலும் வந்திருக்கு. அழுத்தட்டுமா?" என்றார். பதறிப்போய் வேண்டாம் என்றேன். "நீதான் எதையும் தொடாதேன்னு சொல்லியிருக்கியே, அதான் கேட்டுட்டுச் செய்யலாம்னு பார்த்தேன்" என்றார் நிதானமாக.

அவருக்கு வந்திருந்தது ஏபிகே என்று முடியும் ஒரு கோப்பு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு செயலியை நேரடியாக நிறுவும் பொதி அது. போக்குவரத்து அபராத ரசீது என்றும், கல்யாணப் பத்திரிகை என்றும், அரசு உதவித்தொகைப் படிவம் என்றும் இதே வகைக் கோப்புகள் நாடெங்கும் அனுப்பப்படுவதாகக் காவல் துறையினர் தொடர்ந்து எச்சரித்து வருகின்றனர். அதை நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அனுமதி கொடுத்துவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி எண் நமக்குத் தெரியும் அதே நொடியில் எங்கோ இருக்கும் திருடனுக்கும் தெரிந்துவிடும். அன்றைக்கு என் அக்காவின் ஓய்வூதியம் தப்பியது. நான் சொல்லி வைத்த ஒற்றை அறிவுரை பலித்துவிட்டது என்று எனக்குச் சற்றுப் பெருமிதம்கூட.

அடுத்த வாரம் கும்பகோணம் சென்றபோது அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். 'அமைப்புகள்' பகுதிக்குள் சென்று, ஆண்ட்ராய்டு பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைத் தேடினேன். 2022 அக்டோபர் என்று இருந்தது. அது நான் பயன்படுத்திய கைப்பேசி. அந்த ஆண்டு தீபாவளிக்குப் புதிது வாங்கியபோது அவரிடம் கொடுத்தது. அதன் பிறகு அதில் ஒரு புதுப்பிப்பும் நடக்கவில்லை. கைப்பேசி கேட்காமல் இல்லை, பலமுறை கேட்டிருக்கிறது. தம்பி சொன்ன வாக்கை மீறாமல் அக்கா ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிவிட்டிருக்கிறார். திருடனை வாசலில் நிறுத்திய அதே அறிவுரை, பூட்டுச் செப்பனிட வந்தவனையும் திருப்பி அனுப்பியிருக்கிறது.

நான் பொறியாளன் அல்லன். கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன். அன்றைக்குப் பிறகு படித்தும், மென்பொருள் துறையில் இருக்கும் பழைய மாணவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். என் வயதை ஒத்தவர்கள் பலர் வங்கிக் கணக்கையே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிறோம். ஆனால், அந்தப் பையின் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரியாமல் இருக்கிறோம்.

புதுப்பிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு காரியங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, இயங்குதளத்தின் பதிப்பே மாறுவது; ஆண்ட்ராய்டு 14 என்பது 15 ஆவதைப் போல. புதிய தோற்றம், புதிய வசதிகள், சில வேளைகளில் புதிய தொல்லைகளும் இதில் வரும். மற்றொன்று பாதுகாப்புத் திருத்தம். இதை நிறுவினால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் பெரிதாக எதுவும் இருக்காது. மென்பொருளில் கண்டறியப்பட்ட ஓட்டைகளை அடைப்பது மட்டுமே அதன் வேலை. கண்ணுக்குத் தெரியாததாலேயே அதை அலட்சியப்படுத்துகிறோம்.

2015-ஆம் ஆண்டு ஜூலையில் 'ஸ்டேஜ்ஃப்ரைட்' என்ற ஓட்டை ஆண்ட்ராய்டில் இருப்பது பகிரங்கமானது. கைப்பேசிக்கு ஒரு பல்லூடகச் செய்தி வந்து சேர்ந்தாலே போதும். உரியவர் அதைத் திறக்காமலேயே உள்ளே புகுந்துவிடலாம் என்ற நிலை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கியது. எதையும் தொடாமல் இருந்தால் எதுவும் நேராது என்ற என் அறிவுரை எவ்வளவு அரைகுறையானது என்பதை இந்த ஒரு நிகழ்வே காட்டிவிடும்.

இன்னொரு விபரீதமும் உண்டு. ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளியானவுடன், ஓட்டை எங்கே இருந்தது என்பது உலகத்துக்கே தெரிந்துவிடுகிறது. திருத்தத்துக்கு முந்தைய மென்பொருளையும் பிந்தையதையும் ஒப்பிட்டுப் பார்ப்பவன் அதை எளிதில் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே, திருத்தம் வந்த பிறகும் அதை நிறுவாதவர், திருத்தமே வராத காலத்தில் இருந்ததைவிடக் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார். 'வானாக்ரை' தாக்குதல் இதற்குச் சான்று. விண்டோஸ் கணினிகளில் இருந்த அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிட்டுவிட்டது. தாக்குதல் தொடங்கியது மே 12 அன்று. இடையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இருந்தன. அப்படியிருந்தும் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் முடங்கின. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் மட்டும் 19,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்ற மதிப்பீட்டை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை பதிவுசெய்தது. மருந்து கைக்கு வந்தும் உட்கொள்ளாததால் வந்த கேடு அது.

பணம் போய்விட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் இங்கே இருக்கிறது. மின்னணுப் பரிவர்த்தனை மோசடிகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பது குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் பக்கமும் நம் பக்கமும் தவறில்லாமல் வேறெங்கோ நிகழ்ந்த குறைபாட்டால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்துவிட்டால், நமக்கு இழப்பில்லை. ஆனால், நம் கவனக்குறைவால் நேர்ந்தது என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் கணம் வரையிலான இழப்பு முழுவதும் நம் தலையில்தான். முன்பின் தெரியாதவர் அனுப்பிய ஏபிகே கோப்பை நாமே நிறுவினோம் என்பது எந்தப் பட்டியலில் சேரும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அப்படி நேர்ந்துவிட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை இடைவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

புதுப்பிப்புக்கு அஞ்சுபவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களின் அச்சத்துக்கு நிறுவனங்களே காரணம் கொடுத்திருக்கின்றன. பழைய பேட்டரி உள்ள ஐஃபோன்களின் வேகத்தை ஒரு புதுப்பிப்பின் வழியே குறைத்ததை ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதை வாடிக்கையாளர்களுக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை என்பதற்காக 2020-இல் பிரான்ஸில் 2.5 கோடி யூரோ செலுத்த நேர்ந்தது. 2018-இல் இத்தாலியின் போட்டி ஆணையம், பழைய கைப்பேசிகளைத் தளரச் செய்த புதுப்பிப்புகளுக்காக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. நம் நாட்டிலோ, புதுப்பித்த பிறகு திரையில் பச்சைக் கோடு விழுந்துவிட்டது என்ற புலம்பலைக் கேட்காதவர் குறைவு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பு, 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கி, உலகெங்கும் விமானங்களைத் தரையில் நிறுத்தியதும் நினைவிருக்கும்.

ஆகவே, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அன்றே நிறுவுங்கள் என்று சொல்ல மாட்டேன். நான் கடைப்பிடிக்கும் வழி இதுதான்: பாதுகாப்புத் திருத்தம் வந்தால் ஓரிரு நாள்களுக்குள் நிறுவிவிடுகிறேன். பதிப்பு மாறும் பெரிய புதுப்பிப்பு என்றால் இரண்டு, மூன்று வாரங்கள் பொறுக்கிறேன். அதே மாதிரிக் கைப்பேசி வைத்திருப்பவர்களுக்குத் தொல்லை நேர்ந்தால் அதற்குள் செய்தி வந்துவிடும். நிறுவனமும் பிழையைச் சரிசெய்துவிடும். நிறுவனங்களே பெரிய புதுப்பிப்பை ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பாமல், சிறிது சிறிதாகத்தான் அனுப்புகின்றன.

சரி, காற்றில் வரும் இந்தப் பொதியை நம் கைப்பேசி எப்படி நம்புகிறது? கல்லூரியில் பணியாற்றியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பல்கலைக்கழகத்திலிருந்து வினாத்தாள் கட்டு வரும்போது, அது எந்த வண்டியில், எந்தச் சாலையில் வந்தது என்று தேர்வு மேற்பார்வையாளர் கேட்பதில்லை. அரக்கு முத்திரை குலையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். குலைந்திருந்தால் கட்டைப் பிரிக்க மாட்டார். கைப்பேசிக்கு வரும் பொதியிலும் அதைத் தயாரித்த நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் இருக்கிறது. பொதியில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. கைப்பேசி அதை நிராகரித்துவிடும். அதனால்தான், 'அமைப்புகள்' வழியாக வரும் முறையான புதுப்பிப்பை வைஃபையில் யாரோ இடைமறித்து நஞ்சைக் கலந்துவிடுவார்கள் என்று பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை.

முத்திரையைச் சரிபார்க்காத கைப்பேசிகளும் இருந்தன. 2016 நவம்பரில், ரேஜென்டெக் என்ற சீன நிறுவனத்தின் புதுப்பிப்பு மென்பொருளைக் கொண்டிருந்த மலிவுவிலைக் கைப்பேசிகள் ஏறத்தாழ 30 லட்சம், மறையாக்கம் ஏதுமின்றித் திறந்த அஞ்சலட்டையைப் போலப் புதுப்பிப்பைப் பெற்றுவந்தது தெரியவந்தது. அதே வைஃபையில் இருக்கும் எவரும் இடையில் புகுந்து தம் கட்டளையை நிறைவேற்றிக்கொண்டிருக்கலாம். அதே மாதத்தில், ஆடப்ஸ் என்ற மற்றொரு நிறுவனத்தின் புதுப்பிப்பு மென்பொருள், பயனாளர்களின் குறுஞ்செய்திகளையே சீனாவில் உள்ள கணினிகளுக்கு அனுப்பிவந்ததும் அம்பலமானது. காவலுக்கு வைத்தவரே கன்னம் வைத்த கதை. விலை மிகக் குறைந்த, பெயர் தெரியாத கைப்பேசியை வாங்கத் தயங்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

பொது இடத்து வைஃபையில் உள்ள உண்மையான ஆபத்து வேறு. நம் ரயில் நிலையங்களில் 6,000-க்கும் மேற்பட்டவற்றில் வைஃபை உள்ளது. இளைஞர்கள் பலர் அங்கேதான் பெரிய கோப்புகளை இறக்கிக்கொள்கின்றனர். அதே பெயரில் ஒரு போலி வலையமைப்பை எவரும் உருவாக்கலாம். அதில் இணைந்தவுடன் வரும் உள்நுழைவுப் பக்கத்தில், 'உங்கள் கைப்பேசியை உடனே புதுப்பியுங்கள்', '13 வைரஸ்கள் உள்ளன' என்று மிரட்டி ஒரு கோப்பை இறக்கச் செய்யலாம். பொதியின் முத்திரையை உடைக்க முடியாதவன், பொதியே தன்னுடையதுதான் என்று நம்பவைக்கப் பார்ப்பான். 'சிஸ்டம் அப்டேட்' என்ற பெயரிலேயே உலவிய ஓர் உளவுச் செயலியை 2021 மார்ச்சில் ஸிம்பீரியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது. அது கூகுளின் பிளே ஸ்டோருக்கு வெளியேதான் கிடைத்துவந்தது.

எனவே, அடையாளம் காணும் வழி ஒன்றே ஒன்றுதான். உண்மையான இயங்குதளப் புதுப்பிப்பு குறுஞ்செய்தியாக வராது; வாட்ஸ்அப்பில் வராது; இணையப் பக்கத்தில் துள்ளிக் குதித்து வராது; கணக்கை முடக்குவேன் என்று மிரட்டாது. எந்த அறிவிப்பு வந்தாலும், அதைத் தொடாமல், நாமே 'அமைப்புகள்' பகுதிக்குள் சென்று 'மென்பொருள் புதுப்பிப்பு' என்பதைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே இருந்தால் உண்மை; இல்லையென்றால் பொய். அக்காவுக்கு 'எதையும் தொடாதே' என்பதற்குப் பதிலாக இதை அன்றே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அவர் வீட்டில் கைப்பேசியைப் புதுப்பித்த அன்றைய மாலையை விவரிப்பதே, செய்முறையை விளக்க நல்ல வழி. கரோனா காலத்தில் பேரனின் வகுப்புகளுக்காக எடுத்த ஃபைபர் இணைப்பு அங்கே இருக்கிறது. முதலில் வைஃபை ரூட்டரைப் பார்த்தேன். பொருத்தியவர் வைத்துச் சென்ற கடவுச்சொல் அப்படியே இருந்தது. தெருவில் பாதி வீடுகளில் அதே கடவுச்சொல்லாக இருந்தாலும் வியப்பதற்கில்லை. அதை மாற்றினேன். ரூட்டரும் ஒரு சிறு கணினிதான்; அதற்கும் மென்பொருள் உண்டு, புதுப்பிப்பும் உண்டு. 2017 அக்டோபரில் பெல்ஜிய ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப், நாம் எல்லோரும் பயன்படுத்திவந்த வைஃபை பாதுகாப்பு நெறியிலேயே 'கிராக்' என்ற ஓட்டை இருப்பதை வெளிப்படுத்தினார். கடவுச்சொல்லை மாற்றினாலும் அது சரியாகாது. மென்பொருள் திருத்தம் ஒன்றே தீர்வு. வைஃபையின் வழியே வரும் புதுப்பிப்புதான் அந்த வைஃபையையே பத்திரமாக்கியது.

வைஃபை இல்லாத வீடுகளில், மகனின் கைப்பேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் வைத்துப் புதுப்பிப்பார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஹாட்ஸ்பாட்டையும் வைஃபை என்றே கைப்பேசி எண்ணிக்கொண்டு, அளவில்லாத இணைப்பு என்ற நினைப்பில் செயலிகளையெல்லாம் சேர்த்து இறக்கத் தொடங்கிவிடலாம். மாதத் திருத்தம் சில நூறு எம்பி அளவில் இருக்கும். பதிப்பு மாற்றம் என்றால் சில ஜிபிகூட ஆகும். நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி என்று கணக்கு வைத்து வாழும் வீட்டில் அது ஒருநாள் டேட்டாவை விழுங்கிவிடும். அந்த இணைப்பின் அமைப்புக்குள் சென்று, கட்டண வரம்புள்ளது என்று குறித்து வைத்தால் தானாக இறங்குவது பெரும்பாலும் கட்டுப்படும்.

அடுத்தது இடம். கைப்பேசியில் இடமே இல்லை. பார்த்தால் காலை வணக்கப் படங்கள் மட்டும் பல ஆயிரம். முருகனும் ரோஜாவும் மாறி மாறி. "இதையெல்லாம் எதுக்கு வெச்சிருக்கே அக்கா?" என்றேன். "அனுப்பினவங்க மனசு நோகுமேடா" என்றார். நோகாமல் அழித்தேன். பேரப்பிள்ளைகளின் படங்களை மட்டும் தனியே கூகுள் கணக்கில் பத்திரப்படுத்தினேன். வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு அந்தச் செயலிக்குள்ளேயே தனியாகக் காப்புநகல் எடுக்க வேண்டும். படங்களைச் சேமித்துவிட்டால் அதுவும் சேர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. புதுப்பிப்பால் தரவுகள் அழிவதில்லை. ஆனாலும், ஆயிரத்தில் ஒன்று பழுதானால் அந்த ஒன்று நம்முடையதாக இருந்துவிடக் கூடாது அல்லவா?

பேட்டரி பாதிக்கு மேல் இருந்தாலும் சார்ஜரில் இணைத்தே தொடங்கினேன். மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாள், பயணம் புறப்படும் நேரம், மின் கட்டணத்துக்குக் கடைசி நாள் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. இறங்கும்போது இணைப்பு அறுந்தால் பாதகமில்லை; விட்ட இடத்திலிருந்து தொடரும். நிறுவும்போதுதான் கைப்பேசியை அணைக்கக் கூடாது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: நாம் ஓர் அறையில் குடியிருக்கும்போதே பக்கத்து அறைக்கு வெள்ளையடித்து முடித்து, மறுதொடக்கத்தின்போது நம்மை அங்கே மாற்றிவிடுகிறது. புதிய அறையில் கோளாறு இருந்தால் பழைய அறைக்கே திரும்பிவிடலாம். எல்லா நிறுவனங்களும் அந்த ஏற்பாட்டை உடனே ஏற்கவில்லை. நம்முடையது எந்த வகை என்று ஆராய்வதைவிட, கையை எடுத்துவிட்டுக் காபி சாப்பிடப் போவது உத்தமம். மறுநாள் கைப்பேசி சூடாகிறது, மெதுவாக இருக்கிறது என்று அக்கா குறைப்பட்டார். புதுப்பித்த பிறகு செயலிகளைத் தனக்கேற்ப அது ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடங்கியது.

அன்று மாலை ஒன்றன்பின் ஒன்றாகப் பல திருத்தங்கள் வந்தன. கடைசியாக வந்ததை நிறுவியபோது தேதி 2023 ஆகஸ்ட் என்று மாறியது. மறுபடி தேடச் சொன்னேன். திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளத்துடன் 'உங்கள் கைப்பேசி புதுப்பித்த நிலையில் உள்ளது' என்று வந்தது. அக்கா நிம்மதியாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் பொருள் அதுவல்ல. அந்த மாதிரிக்கு நிறுவனம் புதுப்பிப்பு அனுப்புவதையே நிறுத்திவிட்டது என்பதுதான் பொருள். இனி அனுப்ப எதுவும் இல்லை என்பதை, உனக்கு இனி எதுவும் தேவையில்லை என்று மாற்றிச் சொல்கிறது அந்த வாசகம். மருத்துவமனை மூடப்பட்ட ஊரில் நோயாளிகளே பதிவாகவில்லை என்று பெருமைப்படுவதைப் போன்றது இது.

இந்த இடத்தில்தான் என் பாடத்துறை குறுக்கிடுகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை, 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த பணிகளுள் முதன்மையானது. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் போனால், நல்ல பொருளைத் தருபவருக்கு அதற்குரிய விலை கிடைக்காது. காலப்போக்கில் மட்டமானதே சந்தையில் மிஞ்சும் என்பது அதன் சாரம். அதே 2001-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன், கணினிப் பாதுகாப்பு தோற்றுப்போவதற்குத் தொழில்நுட்பக் குறையைப் போலவே பொருளாதார ஊக்குவிப்புகளின் கோணலும் காரணம் என்று வாதிட்டார். கைப்பேசி நிறுவனத்துக்கு வருமானம் விற்கும் நாளில் ஒருமுறை வருகிறது. புதுப்பிப்புக்கான செலவோ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ஓட்டையால் பணத்தை இழப்பவர் நிறுவனத்தின் ஏட்டில் இடம்பெறுவதில்லை.

அக்காவுக்குப் புதிய கைப்பேசி வாங்கக் கடைக்குப் போனோம். கேமராவின் மெகாபிக்சலையும், எத்தனை நிமிடங்களில் சார்ஜ் ஏறும் என்பதையும் விற்பனையாளர் தம்பி மனப்பாடமாகச் சொன்னார். "இதற்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் வரும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் வந்துக்கிட்டேதான் சார் இருக்கும்" என்றார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவரிடம் இதுவரை யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். நம் நாட்டில் பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளின்படி பெட்டியின்மேல் விலையும், தயாரிக்கப்பட்ட மாதமும் ஆண்டும் இருந்தாக வேண்டும். பத்து ரூபாய் பிஸ்கட்டில் எந்த நாள் வரை உண்ணலாம் என்று இருக்கிறது. பதினைந்தாயிரம் ரூபாய்க் கைப்பேசியில், எந்த நாள் வரை அது பத்திரமானது என்பதைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் காண முடியவில்லை.

அப்படி அச்சிடுவது ஆகாத காரியமன்று. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணையும் நுகர்பொருள்களுக்குக் குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பதை நிறுவனங்கள் அறிவித்தாக வேண்டும். எல்லாப் பெட்டிகளிலும் ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்பதையும் அந்தச் சட்டம் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி, ஒரு மாதிரியைச் சந்தைக்கு அனுப்புவது நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிப்பைக் கோருகிறது. நம் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்ப்புக் குறியீடு குறித்து ஆராய 2024-இல் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. பெட்டியின்மேல் 'பாதுகாப்புத் திருத்தம் இந்த மாதம், இந்த ஆண்டு வரை' என்ற ஒற்றை வரியைக் கட்டாயமாக்க, புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. அச்சு மை போதும்.

சட்டம் வரும்வரை நாமே கணக்குப் போட வேண்டியதுதான். கூகுள் பிக்சல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 முதலான உயர்விலைக் கைப்பேசிகளுக்கு ஏழு ஆண்டுகள் என்று நிறுவனங்கள் அறிவித்துள்ளன. மலிவானவற்றில் பலவற்றுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளே. பொதுவாக இந்தக் காலம், மாதிரி அறிமுகமான நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று. தள்ளுபடியில் ஒன்றரை ஆண்டு பழைய மாதிரியை 12,000 ரூபாய்க்கு வாங்கி, அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகளே எஞ்சியிருந்தால், ஆண்டுக்கு 6,000 ரூபாய் ஆகிறது. ஆறு ஆண்டுகள் எஞ்சியுள்ள ஒன்றை 18,000-க்கு வாங்கினால் ஆண்டுக்கு 3,000. ஏழைக்குத்தான் விலை அதிகம் என்பது பொருளியலில் பழைய செய்தி.

அந்தக் கணக்கைவிட என்னை உறுத்தியது வேறொன்று. நம் வீடுகளில் கைப்பேசி எந்தத் திசையில் பயணிக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். புதியது சம்பாதிப்பவரிடம் வருகிறது. அவர் பயன்படுத்தியது அம்மாவுக்கோ அக்காவுக்கோ போகிறது. அங்கிருந்து வீட்டு வேலைக்கு வருபவருக்கு. பாசத்தோடுதான் கொடுக்கிறோம். ஆனால், பாதுகாப்புக் காலம் முடியும் தறுவாயில் அந்தக் கருவி, ஏமாற்றை இனங்காணப் பழக்கமில்லாதவரிடமும், பணம் போனால் மீள முடியாதவரிடமும் போய்ச் சேருகிறது. நான் அக்காவிடம் கொடுத்தபோது அதற்கு ஓராண்டுகூட மிச்சமில்லை. அது எனக்குத் தெரியாது. கொடுப்பதற்கு முன் கேட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை.

காலம் முடிந்த கைப்பேசி உடனே குப்பைக்குப் போக வேண்டியதில்லை. அதில் வங்கி, யுபிஐ செயலிகள் இருக்கக் கூடாது; வங்கிக் கணக்கோடு இணைந்த சிம் அட்டையும் இருக்கக் கூடாது. இயங்குதளத் திருத்தம் நின்றாலும், செயலிகளுக்கான புதுப்பிப்பு சில காலம் பிளே ஸ்டோரில் வந்துகொண்டிருக்கும். அவற்றை விடாமல் நிறுவ வேண்டும். பின்னர் ஒவ்வொன்றாக அவையும் கைவிடும். ஆண்ட்ராய்டு கிட்காட் கைப்பேசிகளில் வாட்ஸ்அப் 2025 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டதைப் போல.

அக்கா இப்போது புதிய கைப்பேசியை வைத்திருக்கிறார். நிறுவனத்தின் இணையதளத்தில் தேடி, அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் முடியும் ஆண்டை ஒரு துண்டுத் தாளில் எழுதி உறைக்குள் ஒட்டிவைத்தேன். மாதம் ஒருமுறை அவரே 'அமைப்புகள்' பகுதியைத் திறந்து பார்த்துவிட்டு என்னை அழைத்துத் தேதியைப் படித்துக் காட்டுகிறார். 'உன்னுடையது எந்தத் தேதி?' என்று போன மாதம் திருப்பிக் கேட்டார். பார்த்தேன், என்னுடையது இரண்டு மாதம் பின்தங்கியிருந்தது. பழைய கைப்பேசி, சிம் அட்டை இல்லாமல், அவர் வீட்டுச் சமையலறை அலமாரியில் சுப்ரபாதம் பாடிக்கொண்டிருக்கிறது. கேட்டுப் பார்த்தால் இன்றைக்கும் தான் புதுப்பித்த நிலையில் இருப்பதாகவே அது சொல்கிறது.